எம்-ஓ-எஸ்-டி: நான்கு மொழிகளில் நான்கு பொருள். மூலம் ஒன்றுதானா?

பாளை செவிலி கேட்கிறார்:

எல்லோருக்கும் வணக்கம். நான் பாளையங்கோட்டையில் ஜெர்மன் படித்துக்கொண்டிருக்கும் செவிலி. பி1 தேர்வு முடித்துவிட்டேன், பி2-க்குத் தயாராகிறேன். எம், ஓ, எஸ், டி என்ற நான்கே எழுத்துள்ள ஒரு சொல் சில நாட்களாக என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

ஆங்கிலத்தில் மோஸ்ட் என்றால் மிகுதியான, பெரும்பாலான. இது நமக்குத் தெரியும். எங்கள் ஜெர்மன் பாடநூலில் அதே நான்கு எழுத்து பழச்சாறு என்ற பொருளில் வருகிறது. ஆண்பால் பெயர்ச்சொல், 'டேர் மோஸ்ட்'. செக் நாட்டில் பர்னோ நகரில் வேலை பார்க்கும் என் அண்ணன், பிராகுக்குப் போய்விட்டு ஒரு கல்பாலத்தின் படம் அனுப்பினான். அதன் பெயர் 'கார்லூவ் மோஸ்ட்'. சார்லஸ் பாலம் என்று அர்த்தமாம். என்னோடு விடுதியில் இருக்கும் தோழி ஹங்கேரிக்குப் படிக்கப் போகிறாள். அவளுடைய புத்தகத்தில் மோஸ்ட் என்றால் 'இப்பொழுது'.

"ஐரோப்பிய மொழிகள் எல்லாம் ஒரே தாய்மொழியிலிருந்து பிரிந்தவை. ஆகவே இதுவும் ஒரே சொல்தான், போன இடத்தில் பொருள் மாறிவிட்டது" என்று என் மாமா உறுதியாகச் சொல்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை, ஆனால் மறுத்துப் பேசவும் வழி தெரியவில்லை. இவை ஒரே சொல்லா? இல்லையென்றால் அதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இடையன்குடிக்காரன்:

அம்மா, உங்கள் மாமா தொடங்கிய இடம் சரி. போய்ச் சேர்ந்த இடம்தான் சரியில்லை. ஆங்கிலம், ஜெர்மன், செக் மூன்றும் இந்தோ-ஐரோப்பியக் குடும்பம். ஹங்கேரியன் அந்தக் குடும்பமே இல்லை. அது ஃபின்னிஷ், எஸ்தோனியன் மொழிகளோடு சேர்ந்த யூராலிக் குடும்பம். ஆகவே 'இப்பொழுது' என்ற சொல்லை முதலிலேயே தனியாக எடுத்து வைத்துவிடலாம். அதன் ஒலியும் வேறு. ஹங்கேரியனில் எஸ் எழுத்துக்கு 'ஷ்' ஒலி. 'ஸ்' வேண்டுமென்றால் எஸ், இஸட் இரண்டையும் சேர்த்து எழுத வேண்டும். இசைமேதை லிஸ்ட் பெயரின் நடுவில் ஓர் இஸட் நிற்பது இதனால்தான். தங்கள் தலைநகரை அவர்கள் புடாபெஷ்ட் என்றே சொல்கிறார்கள். உங்கள் தோழி 'மொஷ்ட்' என்று சொல்லிப் பழகட்டும்.

மிச்சம் மூன்று. மூன்றுக்கும் மூன்று பிறப்பு.

ஆங்கிலச் சொல்லை முதலில் பார்ப்போம். ஜெர்மனில் இதன் உடன்பிறப்பு 'மோஸ்ட்' அல்ல, நீங்கள் தினமும் எழுதும் 'மைஸ்ட்'. 'மைஸ்டன்ஸ்' என்று பாடத்தில் படித்திருப்பீர்களே, அதுதான். வெறும் பொருள் ஒற்றுமையை வைத்து இதைச் சொல்லவில்லை. ஆங்கிலத்தில் 'ஓ' வரும் இடத்தில் ஜெர்மனில் 'ஐ' வருவது ஒரு நியதி. கல்லுக்கு இங்கே ஸ்டோன், அங்கே ஷ்டைன். வீட்டுக்கு இங்கே ஹோம், அங்கே ஹைம். இரண்டும் என்பதற்கு இங்கே போத், அங்கே பைட. அந்த வரிசையில் மோஸ்ட், மைஸ்ட் என்று போய் உட்காருகிறது. டச்சில் மேஸ்ட், ஸ்வீடிஷில் மெஸ்ட்.

நான் கல்லூரியில் ஒப்பிலக்கணம் நடத்தியபோது, இந்த இடத்தில் கரும்பலகையில் இரண்டு பத்தி எழுதுவேன். இடப்பக்கம் தமிழ்: பால், பல், புலி, பத்து, பெயர். வலப்பக்கம் கன்னடம்: ஹாலு, ஹல்லு, ஹுலி, ஹத்து, ஹெசரு. மாணவர்கள் மூன்றாவது வரியிலேயே விதியைத் தாங்களாகச் சொல்லிவிடுவார்கள். ஒரு சொல் ஒத்துப்போனால் அது தற்செயலாக இருக்கலாம். ஒரு வரிசையே ஒரே விதத்தில் வேறுபட்டால் அதைத் தற்செயல் என்று ஒதுக்க முடியாது. 1841இல் எங்கள் இடையன்குடிக்கு வந்து தங்கிய கால்டுவெல், 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில் திராவிட மொழிகளுக்கு ஒரு தனிக் குடும்பம் உண்டென்று நிலைநாட்டியது இப்படிப்பட்ட வரிசைகளை வைத்துத்தான். தேரிமணலும் பனையுமாக இருக்கும் அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு ஒரு மனிதர் இதைச் செய்தார் என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் பெருமிதம் பொங்குகிறது.

ஆங்கிலத்துக்கு உள்ளேயே ஒரு விஷயம் உண்டு. மச், மோர், மோஸ்ட் என்று ஒரே மூச்சில் சொல்கிறோம். மோரும் மோஸ்ட்டும் ஒரு வேர். மச் வேறு வேர். அந்த மச்சுக்கும் அதே பொருளுள்ள ஸ்பானிஷ் 'முச்சோ'வுக்கும் உறவே கிடையாது. ஸ்பானிஷ் சொல் லத்தீன் 'முல்டுஸ்' என்பதிலிருந்து வந்தது. 'ஃபோர்மோஸ்ட்' என்ற சொல்லின் கடைசியில் இருப்பதும் முதலில் மோஸ்ட் அல்ல. பழைய ஆங்கிலத்தில் அது 'ஃபோர்மெஸ்ட்'. 'ஃபோர்மா' என்றால் முதலாவது. அதன்மேல் 'எஸ்ட்' என்ற விகுதி ஏறியது. பேசியவர்கள் காதில் அது மோஸ்ட் போல விழ, எழுத்தையும் அப்படியே மாற்றிவிட்டார்கள்.

இனி பாலம். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், கொஞ்சம் நீட்டிப் பேசப் பொறுத்துக்கொள்ளுங்கள். செக், ஸ்லோவாக், போலிஷ், ரஷ்யன், செர்பியன் என்று ஸ்லாவிய மொழிகள் பலவற்றிலும் மோஸ்ட் என்றால் பாலம். ஆனால் பாலம் என்றதும் நமக்குச் சுலோசன முதலியார் பாலம்தான் கண்ணில் நிற்கிறது: 1843இல் திறந்தது, தாமிரபரணிக்குக் குறுக்கே பதினொரு வளைவுகள், கீழே ஓடும் நீர். பழைய ஸ்லாவியரின் மோஸ்ட் அப்படி இருந்திருக்க வேண்டியதில்லை. சதுப்பில் கால் புதையாமல் இருக்க மரக்கட்டைகளை நெருக்கமாக அடுக்கிப் போட்ட பாதையும் அவர்களுக்கு மோஸ்ட்தான். ரஷ்யனில் தளம் போட்ட தெருவுக்கு இன்றும் 'மோஸ்தவாயா' என்றுதான் பெயர். நோவ்கரோத் நகரில் அகழ்ந்தபோது ஒரே தெருவில் ஒன்றின்மேல் ஒன்றாக 28 அடுக்கு மரத்தளம் கிடைத்தது. சேற்றில் ஒரு தளம் அமிழ்ந்ததும் அதன்மேல் அடுத்ததைப் போட்டிருக்கிறார்கள். பத்தாம் நூற்றாண்டிலிருந்து பதினைந்தாம் நூற்றாண்டு வரை இப்படியே நடந்திருக்கிறது. அந்தக் கட்டைகளின் ஆண்டு வளையங்களை எண்ணி, எந்தத் தளம் எந்தக் காலத்தது என்றும் சொல்லிவிட்டார்கள்.

செக் நாட்டின் வடமேற்கில் 'மோஸ்ட்' என்றே ஓர் ஊர் இருக்கிறது. சதுப்பைக் கடக்கப் போட்ட மரப்பாதைகளால் வந்த பெயர். ஜெர்மானியர் அதைப் பொருள் மாறாமல் 'ப்ரியுக்ஸ்' என்று அழைத்தார்கள். நிலக்கரிக்காகப் பழைய ஊர் முழுவதையும் இடித்தபோது, அங்கிருந்த விண்ணேற்பு அன்னை ஆலயத்தை மட்டும் விட மனமில்லாமல், 1975இல் தண்டவாளத்தின் மேல் ஏற்றி 841 மீட்டர் தள்ளிக்கொண்டு போய் வைத்தார்கள். உங்கள் அண்ணனிடம் சொல்லுங்கள், ஒரு விடுமுறை நாளில் போய்ப் பார்த்து வரட்டும். பொஸ்னியாவின் மோஸ்தார் நகரமும் பாலத்தால் பெயர் பெற்றதுதான். நெரெத்வா ஆற்றின்மேல் 1566இல் ஒட்டோமானியர் கட்டி முடித்த ஒற்றை வளைவுப் பாலம் 1993இல் போரில் குண்டுபட்டு விழுந்தது. 2004இல் அதே வடிவில் மீண்டும் எழுப்பினார்கள்.

ஜெர்மன் மோஸ்ட் லத்தீனிலிருந்து வந்த கடன். 'முஸ்துஸ்' என்றால் இளமையான, புதிய. 'முஸ்தும்' என்றால் புதிதாகப் பிழிந்த, இன்னும் மதுவாகாத திராட்சைச் சாறு. இத்தாலியனிலும் ஸ்பானிஷிலும் மோஸ்தோ. பிரெஞ்சில் 'மூ' என்று தேய்ந்துவிட்டது. விழுந்துபோன எஸ்ஸுக்கு அடையாளமாக யூ எழுத்தின் தலையில் ஒரு குறி மட்டும் நிற்கிறது. இந்தச் சாற்றில் கடுகை அரைத்துக் குழைத்ததால் கடுகுக்கு வந்த பெயர்தான் ஆங்கிலத்தின் 'மஸ்டர்ட்'.

வள்ளியூர் – லின்ஸ்:

தங்கச்சி, நானும் செவிலிதான். வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து வந்து ஆஸ்திரியாவில் லின்ஸ் நகரில் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். அண்ணாச்சி சொற்பிறப்பை விரிவாகச் சொல்லிவிட்டார். வேலைக்கு உதவும் ஒரு செய்தியை நான் சொல்கிறேன், இது பாடநூலில் வராது.

புத்தகம் பழச்சாறு என்று சொல்வதை அப்படியே நம்பி இங்கே வராதீர்கள். மதுத் தொழிலில் மோஸ்ட் என்றால் புளிக்காத சாறு, அது சரி. ஆனால் இந்தப் பகுதியில் வீட்டுப் பேச்சில் மோஸ்ட் என்றால் ஆப்பிளையும் பேரிக்காயையும் பிழிந்து புளிக்க வைத்தது. மது அளவு பீருக்கு இணையாகவோ சற்றுக் கூடுதலாகவோ இருக்கும். இனிப்புச் சாறு வேண்டுமென்றால் 'சூஸ்மோஸ்ட்' என்று தனியாகச் சொல்ல வேண்டும். நம் ஊரில் சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கினால் பதநீர், தடவாமல் விட்டால் கள் என்று இருக்கிறதே, ஏறக்குறைய அந்த வித்தியாசம்தான். நாம் இரண்டுக்கும் இரண்டு பெயர் வைத்துவிட்டோம். இவர்கள் ஒன்றிலேயே ஓட்டுகிறார்கள்.

ஏன் இதை அழுத்திச் சொல்கிறேன் என்றால், சேர்க்கையின்போது முதியவரிடம் பழக்கவழக்கங்களைக் கேட்டு எழுதுவோம். "தினமும் சாப்பாட்டோடு ஒரு குவளை மோஸ்ட்" என்று ஒரு விவசாயக் குடும்பத்துத் தாத்தா சொன்னால், அதைப் பழச்சாறு என்று எழுதிவிடக் கூடாது. அது மது. தூக்க மாத்திரையோ இரத்தம் உறையாமல் இருப்பதற்கான மருந்தோ எடுப்பவராக இருந்தால் மருத்துவருக்கு அது கட்டாயம் தெரிய வேண்டும். எங்கள் இல்லத்தில் மண்ஜாடியில் வைத்துத் தருவார்கள். கலங்கல் மஞ்சளாக, மூக்கில் புளிப்பு ஏறும். பார்த்தாலே சாறு இல்லை என்று தெரிந்துவிடும். காகிதத்தில் சொல்லை மட்டும் பார்த்தால் தெரியாது.

பக்கத்தில் கீழ் ஆஸ்திரியாவில் 'மோஸ்ட்ஃபியர்ட்டல்' என்று ஒரு வட்டாரமே இருக்கிறது. ஏப்ரல் மாதம் பேரிக்காய் மரங்கள் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும். சுவிட்சர்லாந்தில் ஆப்பிள் தோட்டம் மிகுந்த தூர்காவ் மாநிலத்துக்குச் செல்லப் பெயர் 'மோஸ்ட்இண்டியன்'. கிழக்கிந்தியாவுக்கு ஜெர்மனில் ஓஸ்ட்இண்டியன். முன்னால் ஓர் எம் சேர்த்துவிட்டார்கள். நம் நாட்டின் பெயர் ஆப்பிள் சாற்றோடு சேர்ந்து ஒலிப்பதை முதல்முறை கேட்டபோது எனக்கு ஏனோ ஊர் ஞாபகம் வந்துவிட்டது.

சேரன்மகாதேவி:

அண்ணாச்சிக்கு வணக்கம். மிகுந்த மரியாதையோடு ஒன்று கேட்கிறேன். ஆங்கில மோஸ்ட் நம் 'மூத்த' என்பதிலிருந்து போயிருக்கலாம் அல்லவா? மூத்தது, மூப்பு: எல்லாவற்றிலும் பெரியது, முதன்மையானது என்ற பொருள்தானே. ஒலியும் ஒத்துப்போகிறது. ம, நெடில், பிறகு த. ஸ்லாவியச் சொல்லையும் ஹங்கேரியச் சொல்லையும் விட்டுவிடுவோம். இது ஒன்றையாவது ஏன் மறுக்க வேண்டும்? தமிழின் தொன்மையை ஏற்க நமக்கே தயக்கமா?

இடையன்குடிக்காரன்:

தம்பி, தமிழின் தொன்மையில் எனக்குத் தயக்கம் இல்லை. வாழ்நாள் முழுவதும் அதைச் சொல்லிக்கொடுத்துத்தான் சோறு சாப்பிட்டேன். அதனால்தான் பலவீனமான சான்றை அதற்குக் கொண்டுவந்து சேர்க்க மனம் வரவில்லை.

இரண்டு சொற்கள் உறவா இல்லையா என்று ஐயம் வந்தால் இரண்டையும் காலத்தில் பின்னோக்கி நடத்திப் பாருங்கள். உறவு உண்மையானால் பின்னே போகப் போக இரண்டும் நெருங்கி வரும். மேலே நான் சொன்ன கன்னட 'ஹாலு', பழைய கன்னடத்தில் 'பால்'. பின்னே போனால் தமிழோடு ஒட்டிவிடுகிறது. ஆங்கில மோஸ்ட்டை நடத்துங்கள். பழைய ஆங்கிலத்தில் 'மாஸ்ட்', 'மேஸ்ட்'. இன்னும் பின்னே, நான்காம் நூற்றாண்டில் உல்ஃபிலா என்ற ஆயர், ஆங்கிலத்தோடு உறவுள்ள பழைய கோத்திக் மொழியில் பெயர்த்த பைபிளில் 'மைஸ்ட்ஸ்'. ஒவ்வொரு படி பின்னே போகும்போதும் அது 'மூத்த'விலிருந்து விலகிப் போகிறது.

சொல்லைப் பகுதி, விகுதியாகப் பிரித்துப் பார்த்தாலும் இதே முடிவுதான். மூத்த என்பதில் பகுதி 'மூ'. மற்றவை இறந்தகாலப் பெயரெச்சத்துக்கு உரியவை. மைஸ்ட்ஸ் என்பதில் பகுதி 'மை'யோடு முடிகிறது; பின்னால் வரும் 'ஸ்ட்' மிகுதியைக் காட்டும் விகுதி. ஆங்கிலத்தில் பிக்கெஸ்ட், டாலெஸ்ட் என்று வருகிறதே, அதே விகுதி. அந்த விகுதிக்கு நம் ஊரிலேயே உறவு உண்டு, ஆனால் அது வடமொழி வழியாக வந்தது: கனிஷ்டன், சிரேஷ்டன், ஜேஷ்டன். கடைசியில் கேட்கும் 'இஷ்ட' அதுவேதான். கனிஷ்டன் என்றால் எல்லாரிலும் இளையவன்.

ஒலியும் பொருளும் ஒருங்கே ஒத்தும் உறவில்லாத சொற்கள் உலகத்தில் எத்தனையோ இருக்கின்றன. ஆங்கிலத்தில் 'பேட்' என்றால் கெட்டது. பாரசீகத்தில் 'பத்' என்றாலும் கெட்டது. இரண்டும் இந்தோ-ஐரோப்பிய மொழிகள்தான். இருந்தும் அந்த இரண்டு சொல்லுக்கும் தொடர்பில்லை.

உண்மையான உறவு எப்படி இருக்கும் என்றும் காட்டிவிடுகிறேன், அதுவும் பாலத்தை வைத்தே. சுற்றிலும் ஸ்லாவியர் மோஸ்ட் என்று சொல்லும்போது, ஹங்கேரியர் பாலத்துக்கு வைத்திருக்கும் சொல் 'ஹீத்'. புடாபெஷ்ட்டில் 1849இல் திறந்த சங்கிலிப் பாலத்துக்குப் பெயர் 'லான்ஸ்ஹீத்'. இந்த ஹீத் அவர்கள் சொந்தச் சொல் இல்லை. இன்றைய நாட்டுக்கு வந்து குடியேறுமுன் புல்வெளிகளில் அலைந்த காலத்தில், ஈரானியக் கிளையைச் சேர்ந்த அலானியரிடமிருந்து வாங்கியது. அலானியரின் வழிவந்த ஒசேத்தியர் காகசஸ் மலையில் இன்றும் பாலத்தை 'ஹித்' என்கிறார்கள். ஈரானியரின் பழைய நூலான அவெஸ்தாவில் அதன் வடிவம் 'ஹைது'. வடமொழியில் ஸகரம் வரும் இடத்தில் ஈரானியக் கிளையில் ஹகரம் வருவது நியதி. சிந்து என்பது ஹிந்து ஆனதும் ஸப்த என்பது ஹஃப்த் ஆனதும் அப்படித்தான். ஹைதுவின் முதலெழுத்தை அந்த நியதிப்படி மாற்றிப் பாருங்கள் தம்பி: சேது.

இராமநாதபுரத்து மன்னர்களைச் சேதுபதி என்று நாம் அழைத்த அதே சேது. டான்யூப் ஆற்றின்மேல் போகும் பாலத்துக்கும் அதுதான் பெயர். 'சேது', 'ஹீத்' இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஓர் எழுத்தாவது ஒத்து வருகிறதா? உறவு மட்டும் அசையாமல் நிற்கிறது.

சேரன்மகாதேவி:

மறுக்க வழியில்லை அண்ணாச்சி. சேதுவை நான் எதிர்பார்க்கவே இல்லை. ஸகரம் ஹகரமாகும் அந்த நியதிக்கு இன்னும் சில எடுத்துக்காட்டுகள் கொடுக்க முடியுமா? பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

இடையன்குடிக்காரன்:

தாராளமாக. சோமம் அங்கே ஹௌமம். அசுரன் அங்கே அஹுரன். அஹுர மஸ்தா என்று அவர்கள் வணங்கும் இறைவன் பெயரில் இருப்பது அதுதான். ஸேனை அங்கே ஹைனா. ஸரஸ்வதி அங்கே ஹரஹ்வைதி. ஆப்கானிஸ்தானத்து ஆறு ஒன்றுக்கு அந்தப் பெயர். பிள்ளைகளுக்கு விதியை முதலில் சொல்லிவிடாதீர்கள். இரண்டு பத்தியாக எழுதிப் போட்டுவிட்டுக் கொஞ்சம் பொறுத்திருங்கள், அவர்களே சொல்வார்கள்.